அன்னாசிப்பழம்: பழம் பொறுக்குறதுல இருந்து ஃப்ரீஸர்ல போடுற வரைக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

அன்னாசி நாலு துண்டுக்கு மேல போச்சுன்னா நாக்கு நமநமன்னு ஆகும், உதட்டோரம் லேசா எரியும், இது சாப்பிட்ட எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆனா அந்த நமநமப்புக்கு பாதி காரணமா இருக்குற அதே பொருளத்தான் கேப்சூல்ல அடைச்சு வீக்கத்துக்கு நல்லது, செரிமானத்துக்கு நல்லதுன்னு விக்கிறாங்க, அதோட பேரு ப்ரோமெலைன். இந்த ஒரு பேர வச்சுக்கிட்டு அன்னாசியப் பத்தி சொல்லாத கதையே இல்ல. தொப்பை கரைஞ்சுடும், உடம்புல இருக்குற நச்செல்லாம் வெளிய போயிடும், எந்த வலியும் பறந்துடும்னு ஒரு பக்கம். கர்ப்பமா இருக்கறவங்க ஒரு துண்டு தொட்டாலே ஆபத்துன்னு இன்னொரு பக்கம். ரெண்டையும் நம்பாதீங்க. அன்னாசி நல்ல பழம், உண்மையிலேயே ரொம்ப நல்ல பழம், அதுக்கு இந்த மாதிரி கதையெல்லாம் தேவையே இல்ல. நல்ல பழமா பாத்து எடுத்து, ஒழுங்கா வெட்டி, அளவா சாப்பிட்டா உடம்புக்கு என்ன கிடைக்கும்ங்கறத வரிசையா சொல்றேன்.

மொதல்ல பழத்துக்குள்ள என்ன இருக்குன்னு பாத்துடலாம்

100 கிராம் அன்னாசில கிட்டத்தட்ட 86 கிராம் தண்ணி. கலோரி 50தான். கார்போஹைட்ரேட் 13 கிராம், அதுல சர்க்கரை மட்டும் சுமார் 10 கிராம். நார்ச்சத்து 1.4 கிராம், இது ஒண்ணும் பெரிய அளவு கிடையாது, நார்ச்சத்துக்காகவே அன்னாசி சாப்பிடுங்கன்னு யாராவது சொன்னா அது கொஞ்சம் மிகைதான். அன்னாசியோட பலமே வேற ரெண்டு விஷயத்துல இருக்கு, ஒண்ணு வைட்டமின் சி, இன்னொண்ணு மாங்கனீஸ்.

ஒரு கப் துண்டுன்னா சுமார் 165 கிராம் வரும், அதுல கிட்டத்தட்ட 79 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கு. பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு தேவைன்னு பொதுவா சொல்ற அளவு பெண்களுக்கு 75, ஆண்களுக்கு 90 மில்லிகிராம். அதாவது ஒரே ஒரு கப்ல அன்னிக்கு தேவையானது கிட்டத்தட்ட முழுசா முடிஞ்சுடுது. நம்ம உடம்பால வைட்டமின் சிய தானா தயாரிக்க முடியாது, நிறைய சேத்து வச்சுக்கவும் முடியாது, அதனால சாப்பாட்டுல இருந்துதான் வந்தாகணும். தோல், ஈறு, ரத்தக்குழாய், எலும்பு இதையெல்லாம் கட்டி நிறுத்துற கொலாஜன்ங்கற புரதத்த உடம்பு தயாரிக்க இது வேணும். புண்ணு ஆறுறதுக்கும் இதேதான்.

சளி பிடிக்காம இருக்க அன்னாசி சாப்பிடுங்கன்னு சொல்றாங்களே, அதுல எவ்வளவு உண்மைன்னு கேட்டா கொஞ்சம்தான். வைட்டமின் சி மாத்திரைய தினமும் தொடர்ந்து எடுத்துக்கிட்டவங்கள வச்சு நடந்த ஆராய்ச்சிகள மொத்தமா சேத்து பாத்தப்ப, சாதாரண ஆளுங்களுக்கு சளி வர்றது குறையல, வந்த சளி நீடிக்கிற நாள்தான் பெரியவங்களுக்கு சராசரியா 8 சதவீதம் குறைஞ்சுது. அதுவும் சளி பிடிச்சதுக்கு அப்புறம் ஆரம்பிச்சவங்களுக்கு சொல்லிக்கிற மாதிரி பலன் இல்ல. அதனால மூக்கு ஒழுகும்போது ஓடிப்போய் அன்னாசி தேடாதீங்க, எப்பவும் சாப்பாட்டுல வைட்டமின் சி இருக்குற மாதிரி பாத்துக்கோங்க, அதுதான் விஷயம்.

மாங்கனீஸ் பத்தி யாரும் அதிகமா பேசறதில்ல, எனக்கு அதுல வருத்தம்தான், ஏன்னா பழங்கள்ல இந்த அளவு மாங்கனீஸ் தர்றது ரொம்ப கம்மி. ஒரு கப் அன்னாசில சுமார் 1.5 மில்லிகிராம், ஒரு நாள் தேவை பெண்களுக்கு 1.8, ஆண்களுக்கு 2.3. எலும்பு உருவாகுறதுக்கும், கார்போஹைட்ரேட்டையும் புரதத்தையும் உடம்பு பயன்படுத்திக்கறதுக்கும், செல்லுக்குள்ள உருவாகுற தீங்கான ஆக்சிஜன் மூலக்கூறுகள அடக்குற ஒரு என்சைமுக்கும் (என்சைம்னா உயிருள்ள செல்லுங்க தயாரிக்கிற, வேதிமாற்றத்த வேகமா நடத்தி வைக்கற ஒரு புரதம்) இந்த மாங்கனீஸ் தேவைப்படுது. பொட்டாசியம் 100 கிராமுக்கு 109 மில்லிகிராம்தான், வாழைப்பழத்துல சுமார் 358 இருக்கு, இந்த வித்தியாசம் யாருக்கு முக்கியம்னு கீழ சொல்றேன்.

ப்ரோமெலைன்னா என்ன, அது எதெல்லாம் செய்யும், எதெல்லாம் செய்யாது

ப்ரோமெலைன்ங்கறது ஒரே பொருள் கிடையாது, புரதத்த வெட்டுற பல என்சைம்கள் சேந்த ஒரு கூட்டம். வெனிசுலா நாட்டு வேதியியலாளர் விசென்டே மார்கானோ 1891ல அன்னாசிச் சாறுல இத கண்டுபிடிச்சாரு. அப்புறம் 1957 வாக்குல பழத்த விட செடியோட தண்டுலதான் இது ரொம்ப அதிகம்னு தெரிஞ்சுது, அதனால இன்னிக்கு வர்ற கேப்சூல் எல்லாம் பெரும்பாலும் தண்டுல இருந்து எடுக்கறதுதான், நீங்க சாப்பிடுற துண்டுல இருந்து இல்ல. இத மட்டும் மனசுல வச்சுக்கோங்க, பாதி குழப்பம் தீந்துடும்.

இது வேலை செய்யறத வீட்டுலயே கண்ணால பாக்கலாம். ஜெலட்டின் வச்சு ஜெல்லி பண்ணும்போது அதுல பச்சையா நறுக்கின அன்னாசிய போட்டு ஃப்ரிட்ஜ்ல வைங்க, ராத்திரி முழுக்க வச்சாலும் உறையாது, தண்ணியா நிக்கும், ஏன்னா ஜெலட்டினே ஒரு புரதம், ப்ரோமெலைன் அத துண்டு துண்டா வெட்டிடும். அதே இடத்துல டின்ல வர்ற அன்னாசிய போட்டா அழகா உறையும், டின்ல அடைக்கும்போது சூடு பண்றாங்க இல்லையா, அந்த சூட்டுல ப்ரோமெலைன் செத்துடுது. பால், தயிர் கூட பச்சை அன்னாசிய கலந்து கொஞ்ச நேரம் விட்டு குடிச்சுப் பாருங்க, ஒரு கசப்பு வந்திருக்கும். கெட்டுப்போச்சுன்னு பயப்பட வேண்டாம், பால் புரதம் உடைஞ்சதால வர்ற கசப்பு அது. ஸ்மூத்தி போட்டா உடனே குடிச்சுடுங்க, வச்சு குடிக்காதீங்க.

மருத்துவத்துலயும் இதுக்கு ஒரு நிஜமான இடம் இருக்கு. ஆழமான தீக்காயத்துல வெந்துபோன சதைய மட்டும் கரைச்சு எடுக்கறதுக்கு ப்ரோமெலைன் என்சைம்கள வச்சு செஞ்ச ஒரு மருந்துக்கு ஐரோப்பாவுல 2012லயும் அமெரிக்காவுல 2022லயும் அனுமதி கொடுத்திருக்காங்க. இது ஆஸ்பத்திரில டாக்டர் கையால போடுற செறிவான மருந்து, இதப் படிச்சுட்டு யாரும் தீக்காயத்துல அன்னாசிச் சாற ஊத்திடாதீங்க தயவுசெஞ்சு. பல்லு பிடுங்கினதுக்கு அப்புறம் வர்ற வீக்கம், சைனஸ் அடைப்பு இதுக்கெல்லாம் ப்ரோமெலைன் மாத்திரை கொடுத்து பாத்திருக்காங்க, சிலதுல பலன் தெரிஞ்சுது, சிலதுல தெரியல. அந்த மாத்திரைல இருக்குற அளவு வேற, ரெண்டு துண்டு பழத்துல இருக்குறது வேற, ரெண்டையும் ஒண்ணாப் பேசுறதுலதான் தப்பே ஆரம்பிக்குது.

தொப்பைக் கதைக்கு வர்றேன். ப்ரோமெலைன் வெட்டுறது புரதத்த, கொழுப்ப இல்ல. வாய் வழியா போன என்சைம் வயித்து மேல இருக்குற கொழுப்ப தேடிப்போய் கரைக்கறதெல்லாம் நடக்கற காரியமே இல்ல. எடை குறைக்க நினைக்கறவங்களுக்கு அன்னாசி உதவுறது ஒரே ஒரு வழிலதான், ஸ்வீட் சாப்பிடணும்னு தோணுற நேரத்துல 80 கலோரில ஒரு கப் இனிப்பான பழம் கிடைக்குது. கனமா சாப்பிட்டதுக்கு அப்புறம் ரெண்டு துண்டு சாப்பிட்டா வயிறு லேசா இருக்குன்னு நிறைய பேர் சொல்றாங்க, எனக்கும் அப்படித்தான் இருக்கும், ஆனா நல்லா இருக்குற வயிறு தனக்கு வேண்டிய என்சைம தானே சுரந்துக்கும், அன்னாசி இல்லாம செரிக்காதுன்னு எதுவும் இல்ல.

படி 1: பழத்த பாத்து எடுக்கறது

இங்கதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. வாழைப்பழம் மாதிரி காயா வாங்கி வச்சா பழுத்துடும்னு நினைச்சு பச்சையா இருக்குறத வாங்கிட்டு வந்து நாலு நாள் காத்துக்கிட்டு இருப்பாங்க. வாழைக்காய்ல மாவுச்சத்து இருக்கும், பறிச்சதுக்கு அப்புறம் அது சர்க்கரையா மாறும். அன்னாசில அந்த மாவுச்சத்து சேமிப்பு கிடையாது, இனிப்பு முழுக்க செடில இருக்கும்போதே வந்து சேரணும். பறிச்சாச்சுன்னா அவ்வளவுதான், தோலு மஞ்சளாகும், பழம் மெத்துன்னு ஆகும், ஆனா இனிப்பு கூடாது. அதனால வாங்கும்போதே பழுத்தத வாங்கினாதான் உண்டு.

நான் பாக்கறது மூணே மூணு விஷயம். பழத்த தலைகீழா திருப்பி அடிப்பக்கத்த மோந்து பாருங்க, இனிப்பான வாசனை வரணும், வாசனையே இல்லன்னா இன்னும் பழுக்கல, புளிச்ச வாடை, வினிகர் மாதிரி வந்தா தாண்டிப்போச்சு, வச்சுடுங்க. அடுத்து கையில தூக்கிப் பாருங்க, அளவுக்கு மீறின கனம் இருக்கணும், கனம்னா சாறு. மூணாவதா விரலால லேசா அமுக்கினா கொஞ்சமா கொடுக்கணும், அமுங்கிப் போகக் கூடாது. நிறத்த மட்டும் நம்பாதீங்க, சில ரகம் பச்சையா இருக்கும்போதே நல்லா பழுத்திருக்கும். கொண்டையில ஒரு இலைய இழுத்து சுலபமா வந்தா பழுத்ததுன்னு ஒரு கணக்கு சொல்வாங்க, எனக்கு அது பல தடவை சரியா வந்ததில்ல.

இன்னொரு விஷயம், எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். அன்னாசி பாக்கத்தான் ஒரே பழம், உண்மையில 100ல இருந்து 200 பூக்கள் சேந்து ஒட்டி வளந்தது. தோல் மேல ஒவ்வொரு கண்ணும் ஒரு பூவோட அடையாளம். அடிப்பக்கத்துப் பூதான் மொதல்ல பூக்கும், அதனால அடிப்பக்கம் மொதல்ல பழுத்து, மேல் பக்கத்த விட இனிப்பா இருக்கும். வீட்டுல நாலு பேர் இருக்கும்போது வட்ட வட்டமா வெட்டினா ஒருத்தருக்கு தேனா இருக்கும், ஒருத்தருக்கு புளிக்கும். நீளவாக்குல வெட்டிப் பாருங்க, எல்லாருக்கும் ரெண்டும் கலந்து வரும்.

படி 2: வெட்டுறது

வெட்டுறதுக்கு முன்னாடி முழுப் பழத்தையும் ஓடுற தண்ணில தேச்சு கழுவுங்க, தோல் சாப்பிடப் போறதில்லையேன்னு விட்டுடாதீங்க, கத்தி தோல் வழியா உள்ள போகும்போது வெளிய இருக்குற அழுக்கையும் கிருமியையும் சேத்து உள்ள கொண்டுபோகும்.

கொண்டையையும் அடியையும் ஒரு விரல் கனத்துக்கு வெட்டி எடுத்துட்டு பழத்த நிக்க வைங்க. மேலருந்து கீழ வரைக்கும் வளைவுக்கு தகுந்த மாதிரி தோல மட்டும் மெல்லிசா சீவுங்க. கண்ணு போகணும்னு ஆழமா சீவாதீங்க, நல்ல சதை முழுக்க தோலோட போயிடும். சீவினதுக்கு அப்புறம் உத்துப் பாத்தீங்கன்னா அந்தக் கண்ணெல்லாம் சாய்வா வரிசை வரிசையா சுத்திப் போறது தெரியும். அந்த வரிசை மேலயே ரெண்டு பக்கமும் கத்திய சாய்ச்சு வாய்க்கால் மாதிரி வெட்டி எடுத்தா ஒரே இழுப்புல அஞ்சாறு கண்ணு சேந்து வந்துடும், பழமும் திருகாணி மாதிரி பாக்க அழகா இருக்கும்.

நடுத்தண்ட தூக்கிப் போடாதீங்க. கெட்டியாத்தான் இருக்கும், இனிப்பும் கம்மி, ஆனா நார்ச்சத்தும் ப்ரோமெலைனும் அங்க அதிகம். பெரியவங்க மெல்லிசா நறுக்கி மென்னு சாப்பிடலாம், இல்லன்னா மிக்ஸில அடிக்கற ஸ்மூத்தில சேத்துடுங்க. சின்னப் பிள்ளைங்களுக்கு மட்டும் தண்டு வேண்டாம், தொண்டைல சிக்கும்.

நாக்கு எரியறதுக்கு என்ன பண்றது

எரிச்சலுக்கு காரணம் ப்ரோமெலைன் மட்டும் இல்ல. அன்னாசில ஊசி மாதிரி கண்ணுக்கு தெரியாத கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் இருக்கு, அது குத்துற இடத்துல என்சைமும் புளிப்பும் சேந்து போய் தாக்குது. ஒரு தடவை படிச்சுக்கிட்டே அரைப் பழத்துக்கு மேல தனியா சாப்பிட்டுட்டேன், மறுநாள் காலைல சூடா எதையும் வாயில வைக்க முடியல, மேலண்ணம் முழுக்க தோலுரிஞ்ச மாதிரி இருந்துச்சு. ஒண்ணு ரெண்டு நாள்ல தானா சரியாப் போச்சு, வாய்க்குள்ள தோல் சீக்கிரம் புதுசா வளந்துடும்.

எரிச்சல் குறையணும்னா அளவ குறைக்கறதுதான் மொத வழி. வெட்டின துண்ட லேசான உப்புத்தண்ணில அஞ்சு பத்து நிமிஷம் போட்டு வடிச்சு சாப்பிட்டா நிறைய பேருக்கு குறைவா தெரியும், ரத்த அழுத்தம் இருக்கறவங்க இத பழக்கமா வச்சுக்க வேண்டாம். அப்படியும் ஒத்துக்கலைன்னா துண்டுகள சூடான வாணலியில ரெண்டு பக்கமும் நல்லா சூடேறுற வரைக்கும் வாட்டி எடுங்க, சூட்டுல ப்ரோமெலைன் போயிடும், எரிச்சலும் குறைஞ்சுடும், இனிப்பும் தூக்கலாத் தெரியும், வைட்டமின் சி மட்டும் கொஞ்சம் குறையும்.

ஆனா ஒண்ணு, நமநமப்பு வேற, அலர்ஜி வேற. உதடு, முகம் வீங்குறது, உடம்பெல்லாம் தடிப்பு, தொண்டை அடைக்கறது, மூச்சு விட கஷ்டம் இதுல எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு போங்க, வீட்டு வைத்தியம் பாத்துக்கிட்டு உக்காராதீங்க. ரப்பர் கையுறை, பலூன் மாதிரி லேடெக்ஸ் பொருள் ஒத்துக்காதவங்களுக்கு சில பழங்களும் ஒத்துக்காம போறது உண்டு, அன்னாசியும் அந்தப் பட்டியல்ல வரும்.

படி 3: எவ்வளவு சாப்பிடலாம்

ஒரு நாளைக்கு ஒரு கப் போதும். பழமும் காய்கறியும் சேத்து ஒரு நாளைக்கு குறைஞ்சது 400 கிராம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதுல ஒரு பங்குதான் அன்னாசி, மிச்சத்துக்கு வேற வேற பழம், காய்னு மாத்தி மாத்தி சாப்பிடுங்க.

சர்க்கரை நோய் இருக்கறவங்க தொடவே கூடாதுன்னு இல்ல. ரத்தத்துல சர்க்கரைய ஏத்துற வேகத்துல அன்னாசி நடுத்தரமான இடத்துல இருக்கு. அரை கப், அதாவது 80 கிராம் அளவுல வச்சுக்கிட்டா சர்க்கரை 8 கிராம்தான் வரும், வெறுமனே சாப்பிடாம கொஞ்சம் பாதாமோ வேர்க்கடலையோ சேத்துக்கிட்டா ஏத்தம் இன்னும் மெதுவா இருக்கும். வீட்டுல குளுக்கோமீட்டர் இருந்தா சாப்பிடறதுக்கு முன்னாடியும் ரெண்டு மணி நேரம் கழிச்சும் ஒரு தடவை பாத்துடுங்க, உங்க உடம்பு எப்படி எடுத்துக்குதுன்னு உங்களுக்கே தெரிஞ்சுடும்.

ஜூஸ் வேண்டாம்னு நான் கறாரா சொல்வேன். ஒரு டம்ளர், 250 மில்லின்னா சர்க்கரை சேக்காமலே சுமார் 25 கிராம் சர்க்கரை, நார்ச்சத்து கிட்டத்தட்ட இல்ல, ஒரே மடக்குல உள்ள போயிடும். அதே 25 கிராம் பழமா வரணும்னா கால் கிலோ மென்னு சாப்பிடணும், அதுக்குள்ள வயிறே போதும்னு சொல்லிடும், நாக்கும் சொல்லிடும். டின்ல வர்றது வாங்கினா சர்க்கரைப் பாகுல ஊறினத விட்டுட்டு அதோட சொந்த சாறுலயே இருக்குறத எடுங்க, ஆனா வைட்டமின் சி அதுல கணிசமா குறைஞ்சிருக்கும். உலர்ந்த அன்னாசில தண்ணி போய் சர்க்கரை செறிஞ்சு கிடக்கும், நிறையதுல மேல வேற சர்க்கரை சேப்பாங்க, அத பழம்னு கணக்கு பண்ணாதீங்க.

படி 4: எப்ப, எது கூட

வெறும் வயித்துல சாப்பிட்டாதான் பலன்னு சொல்றதுக்கு ஆதாரம் இல்ல. நெஞ்செரிச்சல், அசிடிட்டி, வயித்துப்புண் இருக்கறவங்களுக்கு வெறும் வயித்துல சாப்பிட்டா தொந்தரவுதான் வரும், அவங்க சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டு துண்டு சாப்பிட்டுப் பாத்து ஒத்துக்கிட்டா தொடரலாம், ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி வேண்டாம்.

சாப்பாட்டோட சேத்து சாப்பிடறதுல ஒரு பெரிய லாபம் இருக்கு. கீரை, பயறு, பருப்புல இருக்குற இரும்புச்சத்து உடம்புல சேர்றது கம்மி, அதே வேளைல வைட்டமின் சி சேந்து போனா நல்லா ஏறும். சைவம் மட்டும் சாப்பிடறவங்க, ரத்தசோகை இருக்கறவங்க இத கண்டிப்பா பழகிக்கோங்க, அன்னாசிய தனியா மாலைல சாப்பிடாம அந்தச் சாப்பாட்டோடயே வச்சுக்கோங்க. டீ, காபி அந்த நேரத்துல வேண்டாம், அது இரும்புச்சத்த தடுக்கும்.

பல்லு விஷயம். அன்னாசி நல்ல அமிலத்தன்மை உள்ள பழம், அமிலத்த அளக்குற பிஹெச் எண் (குறைய குறைய புளிப்பு அதிகம்) 3ல இருந்து 4க்குள்ள இருக்கும். சாப்பிட்ட உடனே பல்லு எனாமல் கொஞ்சம் இளகி இருக்கும், அப்ப பிரஷ் போட்டு தேச்சா தேஞ்சுடும். வாயில தண்ணி ஊத்தி கொப்பளிச்சுட்டு அரை மணி நேரமாவது கழிச்சு பல்லு தேயுங்க.

படி 5: யாரு கவனமா இருக்கணும்

எங்க அக்கா கர்ப்பமா இருந்தப்ப யாரோ கொடுத்தாங்கன்னு ரெண்டு துண்டு அன்னாசி சாப்பிட்டுட்டா, அப்புறம் இன்னொருத்தர் சொன்னத கேட்டுட்டு அன்னிக்கு ராத்திரி முழுக்க தூங்காம அழுதுக்கிட்டே இருந்தா. காலைல டாக்டர் ஒண்ணும் ஆகாதும்மா, பழம்தானேன்னு சொன்னதுக்கு அப்புறம்தான் சாப்பிடவே உக்காந்தா. இத படிக்கற யாருக்கும் அந்த ராத்திரி வரக்கூடாது. நல்லா பழுத்த அன்னாசிய சாதாரண அளவுல சாப்பிட்டா கரு கலைஞ்சுடும்ங்கறதுக்கு ஆதாரம் கிடையாது. ப்ரோமெலைன் கேப்சூல் வேற கதை, கர்ப்ப காலத்துல அது வேண்டாம். முழுக்க காயா இருக்குற அன்னாசிய யாருமே சாப்பிடாம இருக்கறது நல்லது, தொண்டை எரியும், வயித்தால போகும். வேற ஏதாவது சிக்கல் இருக்கற கர்ப்பம்னா உங்க டாக்டர் என்ன சொல்றாங்களோ அதான்.

வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்க மருந்து சாப்பிடறவங்க ப்ரோமெலைன் மாத்திரைய டாக்டர கேக்காம தொடாதீங்க, ரத்தக்கசிவு கூடலாம். அமாக்ஸிசிலின், டெட்ராசைக்ளின் மாதிரி ஆன்டிபயாடிக் உடம்புல ஏறுற அளவையும் அந்த மாத்திரை மாத்தலாம். ஆபரேஷன் வருதுன்னா இந்த மாதிரி மாத்திரை எது எடுத்தாலும் முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. ரெண்டு துண்டு பழத்துக்கு இந்த அளவு பயம் தேவையில்ல.

கிட்னி பிரச்சனை இருந்து பொட்டாசியம் குறைக்க சொல்லியிருக்கறவங்களுக்கு பழமே சாப்பிட முடியலையேன்னு ஏக்கமா இருக்கும். மேல சொன்ன அந்த 109 மில்லிகிராம் கணக்கு இவங்களுக்குத்தான். பொட்டாசியம் கம்மியான பழங்கள்ல அன்னாசி ஒண்ணு, உங்க டயட்டீஷியன்கிட்ட அரை கப் சாப்பிடலாமான்னு கேட்டுப் பாருங்க.

குழந்தைங்களுக்கு ஆறு மாசத்துக்கு அப்புறம் மத்த சாப்பாடு ஆரம்பிச்சதும் நல்லா பழுத்தத மசிச்சு கொஞ்சமா கொடுக்கலாம், வாயச் சுத்தி சிவந்துச்சுன்னா பெரும்பாலும் புளிப்பால வர்றதுதான், இருந்தாலும் கொஞ்ச நாள் தள்ளிப் போட்டு மறுபடி கொடுத்துப் பாருங்க.

படி 6: மிச்சத்த வைக்கறது

முழுப் பழம் வெளிய ரெண்டு மூணு நாள் தாங்கும். வெட்டின துண்ட மூடி போட்ட டப்பால ஃப்ரிட்ஜ்ல வச்சா மூணு நாலு நாள், வெளிய ரெண்டு மணி நேரத்துக்கு மேல விடாதீங்க. திறக்கும்போது சாராய வாடை வந்தாலோ சின்னச் சின்ன நுரை தெரிஞ்சாலோ யோசிக்காம கொட்டிடுங்க.

நிறைய இருந்தா ஃப்ரீஸர்தான் நல்ல வழி. துண்டுகள ஈரம் துடைச்சு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம தட்டுல பரப்பி உறைய வச்சு, அப்புறம் பையில போட்டு காத்த வெளிய தள்ளி மூடி வைங்க, ஒரே கட்டியா ஒட்டிக்காம வேணுங்கற அளவு மட்டும் எடுத்துக்கலாம், மாசக்கணக்குல இருக்கும். வைட்டமின் சியும் பெரும்பாலும் அப்படியே நிக்கும். சூட்டுல சாகுற ப்ரோமெலைன் குளிர்ல சாகாது, அதனால உறைஞ்ச அன்னாசி போட்டாலும் ஜெல்லி உறையாது, நாக்கும் அதே மாதிரி நமநமன்னுதான் ஆகும், குளுகுளுன்னு இருக்கேன்னு அளவ தாண்டிடாதீங்க, அதுலயும் ஒரு கப்தான்.